சத்தத்துக்குள் ஒரு நித்திரை

தான் சாய்ந்திருப்பது கதிரையில் இல்லை, ஒருவனின் தோளில் என்று தேனுகாவுக்கு விளங்கியபோது மண்டபமே அதிர்ந்துகொண்டிருந்தது...

மேடையில் மூன்று கிற்றார்கள். அவற்றை விழுங்குகிற மாதிரி ட்ரம்ஸ். கடலில் காணாமல் போன மாலுமியைத் தேடி ஒருத்தி தொண்டை கிழியப் பாடினாள். இந்த இடிமுழக்கத்துக்குள்ளும் ஒரு மனுசி நித்திரை கொள்வாளா? தேனுகா கொண்டாள். நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை. சீசன் முழுக்க வந்தவருக்கும் போனவருக்கும் சிரித்துச் சிரித்துக் கன்னம் மரத்துப் போயிருந்தது. இன்று லீவு என்று லிங்கநகர் அறையில் கட்டிலில் விழப் போனவளை, கூட இருக்கும் பிரசாந்தினிதான் இழுத்து வந்தாள்.

"எங்கட ஊரில றொக் இசை நாடகம் எப்பவாவது நடந்திருக்கோடி? நித்திரையை நாளைக்குக் கொள்ளலாம், வா!"

சொன்னவள் இப்போது மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தாள். தேனுகாவோ முன்பின் தெரியாதவனின் வெள்ளைச் சேர்ட்டில் தன் நெற்றிப் பொட்டை ஒட்டி வைத்திருந்தாள்.

ஐயோ...

பாட்டு முடிந்தது. கைதட்டலும் ஓய்ந்து மண்டபம் ஒரு கணம் அமைதியானது.

"சொறி... தெரியாமல் அயர்ந்திட்டன்."

அவன் திரும்பவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களைத்தான்... குறை நினைக்காதேங்கோ."

அதற்கும் பதில் இல்லை. தேனுகாவுக்கு முகம் சுட்டது. சரியான தடிப்புப் பிடிச்சவன்!

இடைவேளையில் வெளியே தேநீர் வாங்கிக்கொண்டு மதிலோரம் நின்றாள். துறைமுகத்துக் கப்பல் விளக்குகள் தண்ணீரில் நீளமாய் ஆடின. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முந்திய ஈரக்காற்று.

"நல்ல நித்திரையோ?"

அவன்தான். முழங்கை வரை மடித்த சேர்ட்டில் அந்தப் பொட்டு இன்னும் இருந்தது. ஆனால் அவளைப் பிடித்து நிறுத்தியது அவனுடைய கண்கள்... சிவந்து, கீழே கருவளையம் விழுந்து, தன்னைப் போலவே பல நாள் உறங்காத கண்கள். அது தெரிந்தும் கோபம் விடவில்லை.

"மன்னிப்புக் கேட்டால் ஒருக்கா திரும்பிப் பார்க்க ஏலாதோ உங்களுக்கு?"

அவன் முகம் சட்டென்று மாறியது. ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டான். அதற்குள் பிரசாந்தினி ஓடி வந்துவிட்டாள்.

"தேனு! ஆரோட கதைக்கிறாய் எண்டு தெரியுமே? சஞ்சீவன்! இண்டைக்குப் பாடுற எல்லாப் பாட்டுக்கும் இசை இவர்தான்!"

தேனுகா தேநீர்க் கோப்பையை மதிலில் வைத்தாள்.

"பரவாயில்லை," என்றான் சஞ்சீவன். "இவ்வளவு சத்தத்துக்குள்ளயும் ஒராள் நித்திரை கொள்ளுறா எண்டால் என்ர பாட்டிலதான் பிழை."

"பிழையில்லை." அவளுக்கு அலங்காரமாகச் சொல்லத் தெம்பில்லை. உள்ளதைச் சொன்னாள். "ஹோட்டலில ஆர் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லோணும். உங்கட சத்தத்துக்குள்ள ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை. அதுதான்... கண் தன்பாட்டில மூடிட்டுது. நீங்கள் எழுப்பியிருக்கலாமே?"

"எழுப்ப மனம் வரேல்லை."

அவ்வளவுதான் சொன்னான். ஆனால் பார்வையை எடுக்க மறந்துவிட்டான். முதலில் தலை குனிந்தது தேனுகாதான்.

இடைவேளைக்குப் பிறகு பக்கத்துக் கதிரை வெறுமையாகவே கிடந்தது. இந்த முறை அவளுக்கு நித்திரை வரவில்லை. ஒவ்வொரு பாட்டையும் கேட்டாள். அந்தக் கதிரையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்...

நாடகம் முடியும்போது மழை கொட்டியது. பிரசாந்தினி ஓட்டோ பிடிக்கப் போய்விட்டாள். வாசலுக்கு அப்பால், குடையில்லாமல், வீதியைக் கடந்துகொண்டிருந்தான் சஞ்சீவன். இடப்பக்கமிருந்து ஒரு வான் ஹோர்ன் அடித்தபடி பாய்ந்து வந்தது. அவன் திரும்பவே இல்லை.

"சஞ்சீவன்!"

ஓடிப்போய் அவன் சேர்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். வான் இருவர் மேலும் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது.

"காது கேக்காதோ உங்களுக்கு?" பயத்தில் கத்தினாள்.

"ஓம்," என்றான் அவன். மழை முகத்தில் வழிந்தது. "இடது காது கேக்காது. போன வருசம் ஒரு காய்ச்சலோட போயிட்டுது. என்னோட வாசிக்கிற ஆக்களுக்கும் இன்னும் சொல்லேல்லை. இசையமைக்கிறவனுக்கு ஒரு காதெண்டால் ஆர் நம்பி வேலை தருவினம்?"

மண்டபத்தில் அவள் அவனுக்கு இடப்பக்கத்தில் அல்லவா இருந்தாள்... தேனுகா அவனையே பார்த்தாள்.

"தயவு செய்து இரக்கப்பட்டுப் பார்க்காதேங்கோ."

"இரக்கப்படவும் தெம்பு வேணும். எனக்கு அதுவும் இல்லை."

அவன் சிரித்துவிட்டான். களைத்த, உண்மையான சிரிப்பு. அவளுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனான்.

அழைக்கவே இல்லை.

மழைக்காலம் தொடங்கி ஹோட்டல் வெறிச்சோடியது. வேலை குறைந்தும் தேனுகாவின் களைப்பு குறையவில்லை. காத்திருப்பதும் ஒரு வேலைதானே... கடைசியில், சல்லி கிராமத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போகவேண்டிய லீவு நாளில், அவள் கால்கள், பிரசாந்தினி விசாரித்துச் சொன்ன, இசைக்குழு பயிற்சி செய்யும் அறையைத் தேடிப் போயின.

சஞ்சீவன் தனியாக வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழும்பினான். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை மறைக்க அவனால் முடியவில்லை.

"ஏன் எடுக்கேல்லை?"

"எடுத்து என்னத்தைச் சொல்லுறது? மற்றக் காதும் எப்ப போகும் எண்டு தெரியாது. வேலையும் நிச்சயமில்லை. உங்களை இதுக்குள்ள இழுக்க..."

"நான் வந்தனான். ஒருத்தரும் இழுக்கேல்லை." கதிரையில் அமர்ந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்கள் நொந்தன. "உங்கட ஆக்களுக்குச் சொல்லிட்டீங்களோ?"

"நேற்றுச் சொன்னனான். ஒருத்தரும் விட்டிட்டுப் போகேல்லை. ட்ரம்ஸ் அடிக்கிறவன் மட்டும் அழுதவன்."

"அப்ப நானும் சொல்லுறன். எனக்கு உங்களை விருப்பம், சஞ்சீவன். நாளுக்கு எத்தினை பேரோடயோ கதைக்கிறன். ஆனா உங்களோட மட்டுந்தான் கதைக்க ஆசையா இருக்கு."

சஞ்சீவன் பாதி சுருட்டிய வயரோடு ஒரு அடி கிட்ட வந்தான்.

"கேட்டதோ?" என்றாள் அவள்.

"வடிவாக் கேட்டது." அவன் கண்கள் நிறைந்திருந்தன. "நான் சொல்ல வேண்டியதை நீங்கள் முந்திச் சொல்லிட்டீங்கள். எனக்கும்தான்... சரியான விருப்பம். இவ்வளவு நாளும் அந்த நம்பரைப் பார்த்துப் பார்த்தே இருந்தனான்."

"அப்ப எழும்புங்கோ. சல்லி பஸ்ஸுக்கு நேரமாகுது."

"சல்லிக்கோ? இப்பவோ? ஏன்?"

"அம்மா பார்த்துக்கொண்டிருப்பா. போற வழியில அவவுக்கு என்ன சொல்லுறது எண்டு யோசிப்பம்... வாங்கோ."

சஞ்சீவன் கையிலிருந்த வயரை அப்படியே நிலத்தில் போட்டுவிட்டுக் குடையைத் தேடத் தொடங்கினான்.