மூன்று விரல்

கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டியைத் திறந்ததுமே பழுத்த திராட்சை வாடை அடித்தது. ஈப்போவில் அந்த ஆஸ்பத்திரி லேபுக்குள் யாரும் பழம் கொண்டுவருவதில்லை. பதினோரு வருடமாக அங்கே வேலை பார்க்கும் விமலாதேவிக்கு, சீழில் வளரும் ஒரு கெட்ட கிருமியின் வாடை அது என்று தெரியும். தெரிந்ததுதான் பயமாக இருந்தது.

உள்ளே தட்டில் வளர்ந்திருந்தது நாலாம் கட்டில் பிச்சைமுத்துவின் வயிற்றுச் சீழ். சுங்காய் ஊர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி, குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆனவர். தட்டில் ஆறு மருந்து வில்லைகள் வைத்திருந்தாள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாக வெளுத்திருக்கும். ஒன்றிலும் வட்டமில்லை. கிருமி பச்சையாக, வழுவழுவென்று, வில்லைகளின் மேலேயே ஏறிப் படர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பிச்சைமுத்து இறந்தார். ஞாயிறன்று ஐந்தாம் கட்டிலின் சீழ் வந்தது. அதே வாடை. அடுத்தது ஆறாம் கட்டில். ஏழில் படுத்திருப்பது அவள் கணவர் கதிரவேலு, பித்தப்பை எடுத்து எட்டு நாள்.

குழாய்த் தண்ணீர், கத்தரிக்கோல், கட்டுப்போடும் தள்ளுவண்டி எல்லாவற்றையும் சோதித்தாள். எந்தத் தட்டிலும் அந்தக் கிருமி வளரவில்லை.

மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. திருநீற்றுப் பையோடு வார்டுக்குப் போனாள்.

"அக்கா, பிச்சைமுத்து அண்ணனுக்குப் பூசுன மாதிரி எனக்கும் வவுத்துல பூசுங்க லா," என்றார் ஆறாம் கட்டில் அப்பாவு. கண்கள் காய்ச்சலில் பளபளத்தன.

பூசினாள். தினமும் அப்படித்தான். நாலில் ஆரம்பித்து, கட்டுக்குப் பக்கத்தில் மூன்று விரலால் இழுத்து, கடைசியாகக் கணவருக்கு. லேபில் மணிக்கு நாலு தரம் கை கழுவுகிறவளுக்கு, சாமி காரியத்துக்கு நடுவில் கழுவத் தோன்றியதே இல்லை.

"விமலா, காயம் ஒரு மாதிரிச் சுடுது. மருந்தை மாத்தச் சொல்லு," என்றார் கதிரவேலு.

குனிந்தாள். திராட்சை.

கை அந்தரத்தில் நின்றது. திரும்பி ஓடினாள். லேபில் ஒரு புதுத் தட்டை எடுத்து மூன்று விரலையும் பதித்து இழுத்தாள். மேலே ஆறு வில்லைகளை வைத்தாள். பிறகு தோல் சிவக்கச் சிவக்கக் கை கழுவினாள்.

மறுநாள் காலை வார்டு ஆயா ஒரு சீழ்க் குப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஏழாம் கட்டில்.

சூட்டுப்பெட்டியைத் திறந்தாள்.

வாடை.

தட்டில் மூன்று பட்டைகள். அவள் இழுத்த வாக்கிலேயே. பச்சையாக. ஆறு வில்லைகளையும் மூடிக்கொண்டு.