ஐந்து நட்சத்திரப் பிணம்

"என்னங்க... அங்க பாருங்க, ஒருத்தர் நீந்துறார்!"

புது மனைவி கையை நீட்டினாள். புதுக் கணவன் படகிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"நீந்தலைம்மா..."

அவன் முடிப்பதற்குள் அவள் வீறிட்டாள்!

படகுத்துறைத் தூணில் சிக்கி, முக்கால்வாசி தண்ணீருக்குள், ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டோடு குப்புறக் கிடந்தது ஒரு பிணம்.

அன்றைய டிக்கெட் எல்லாம் ரத்து.

இன்ஸ்பெக்டர் வந்தார். டிக்கெட் கவுன்டர் என்று பெயர் சூட்டியிருந்த தகரக் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தார். உள்ளே படகுக்காரரும் அவர் தங்கையும். அண்ணன் படகு ஓட்டுவார். தங்கை விளம்பரம் பார்ப்பாள். நோட்டீஸ், போஸ்டர், ஃபேஸ்புக்... அந்த ஏரியில் கெண்டை மீன்கூடக் கிடையாது. ஆனால் அவள் எழுத்தில் டால்ஃபினே துள்ளும்!

"செத்தது யாரு?"

"ஊர் ஊராப் போய் வீடியோ போடறவர் சார்," என்றாள் தங்கை. "லட்சக்கணக்குல பாக்கறாங்க. நம்ம படகு நாலு பேருக்குத் தெரியட்டும்னு நான்தான் இலவசமா கூப்பிட்டேன்."

"தெரிஞ்சிடுச்சு. வெளியே டிவிக்காரங்க வந்தாச்சு." இன்ஸ்பெக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நேத்து மத்தியானம் அவர் சட்டையைப் பிடிச்சியாமே?"

"பிடிச்சேன் சார்... 'இது படகில்ல, பாடை'ன்னு கேமராவைப் பாத்துச் சொன்னாரு. பொறுக்க முடியல."

"அதனால தள்ளிட்டே."

"ஐயோ! இல்ல சார்!"

"ஜீப்புல ஏறு."

அண்ணன் மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கொலைக் கேஸ்!

தங்கை குறுக்கே பாய்ந்தாள். பெற்றவர்கள் போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர் அவர். விட்டுவிடுவாளா?

"சார்! சண்டை முடிஞ்சதும் அண்ணன் எஞ்சினைத் தூக்கிக்கிட்டு டவுனுக்குப் போயிட்டாரு. விடியற வரைக்கும் ஒர்க்‌ஷாப்லதான் இருந்தாரு. மெக்கானிக்கைக் கேளுங்க!"

"போறதுக்கு முன்னாடியே கொன்னிருந்தா?"

"அதெப்படி சார்? வீடியோக்காரர் சாயங்காலம் உயிரோட இருந்தாரே! நம்ம ஃபேஸ்புக் பக்கத்துல அவரே விமர்சனம் எழுதியிருக்காரே!"

மொபைலை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"ஐந்து ஸ்டார்... 'மத்தியானம் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அருமையான படகு. அன்பான படகோட்டி. நூறு சதவீதப் பாதுகாப்பு...' அடேயப்பா! சாயங்காலம்தான் போட்டிருக்கார்."

"பாத்தீங்களா சார்!"

அண்ணனின் கண் கலங்கியது. தங்கையின் கையைப் பற்றிக்கொண்டார்.

"இரும்மா, கடைசியில ஒரு வரி இருக்கு... 'குடும்பத்தோடு வாங்க, குதூகலமாப் போங்க! முன்பதிவுக்கு இன்றே அழையுங்கள்!' கீழே போன் நம்பர் வேற. இது யாரோடது?"

"நம்ம கவுன்டர் நம்பர் சார்!" அண்ணன் முந்திக்கொண்டார். போன உயிர் திரும்பிவந்த சந்தோஷம், வாய் நிற்கவில்லை. "அந்த வரி நம்ம பாப்பாவோடது! எதை எழுதினாலும் அதைப் போட்டுத்தான் முடிப்பா. என் கல்யாணப் பத்திரிகையிலயே போட்டுட்டான்னா பாருங்களேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"பாப்பா...?"

அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் போன பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார் சார். 'உள்ள இருக்கறதெல்லாம் உளுத்துப்போன ஜாக்கெட். மேல புதுத் துணி தைச்சு லோகோ அடிச்சு ஏமாத்தறீங்க. நானே மாட்டிக்கிட்டு, கயிறைப் பிடிச்சபடி தண்ணியில இறங்கிக் காட்டறேன், நீயே படம் எடு'ன்னு அவர் போனை என் கையில குடுத்தார். அது வெளியே வந்தா நாங்க தெருவுலதான்... ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு துறை ஓரமா நின்னார். தள்ளிட்டேன்."

"ஜாக்கெட்?"

"அவர் சொன்னது நிஜம் சார். மிதக்கல. அவருக்கு நீச்சலும் தெரியல."

"கயிறு போட்டிருக்கலாமே?"

"போட்டா மேல வருவாரு... வந்து வீடியோ போடுவாரே! அவர் போன்லயே நான் அஞ்சு ஸ்டார் போட்டேன். அப்புறம் அந்தப் போனையும் ஏரியில போட்டேன்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தன் வாயாலேயே அவளைப் பிடித்துக் கொடுத்துவிட்டாரே!

"சார்... நான்தான் கொன்னேன்! என்னைக் கொண்டு போங்க! அவளை விட்டுடுங்க!"

"முடியாதுய்யா. விடியற வரைக்கும் நீ ஒர்க்‌ஷாப்ல இருந்ததுக்கு உன் தங்கச்சியே சாட்சி."

பெண் கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினாள். தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நடக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறும்மா... எங்க ஜெயிலுக்கு விளம்பரமும் கிடையாது, முன்பதிவும் கிடையாது. ஆனாலும் பாரு, எப்பவும் ஹவுஸ்ஃபுல்!"