பாறை நிழலில் விட்டு வந்தவர்

"உங்க வீட்டுக்காரர் பெரிய ஆளுதான் போங்க. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே வலிக்குது," என்றாள் மோட்டல்காரி டோலோரஸ், அலுவலக வாசலில் காற்று கொண்டுவந்து குவித்திருந்த மணலைப் பெருக்கியபடியே. "சாவி நான்தான் குடுத்தேன். ரூம்லதான் இருக்காரு."

வெர்னா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. கிளேட்டன் கிடைத்துவிட்டார். பாலைவனம் அவரை விழுங்கவில்லை. அந்த மணலிலேயே உட்கார்ந்து அழுதுவிடலாமா என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் உறுத்தியது. சிரிக்க வைத்தாரா? கிளேட்டனா? ஒரு பேச்சைத் தொடங்கினால் முடிக்கத் தெரியாமல் பாதியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர் அவர். காலையில் போட்ட சட்டையின் பொத்தானைப் பார்த்து, இது என்ன, எதற்கு என்று கேட்பவர்.

"யாரு கொண்டுவந்து விட்டாங்க?"

"யாரையும் பாக்கலீங்க. அந்தா, அந்தப் பக்கமிருந்து நடந்து வந்தாரு." டோலோரஸ் துடைப்பத்தை நீட்டித் தேசியப் பூங்காவின் மலைகளைக் காட்டினாள். "இந்த வெயில்ல வந்தவரு மாதிரியே இல்ல. ஒரு சொட்டு வேர்வை இல்லையே!"

பூங்கா வாசலுக்கும் இந்தக் கோல்டர் வெல்ஸ் ஊருக்கும் நடுவில் வெறும் உப்புத்தரை. காரில் வந்தாலே அலுத்துப்போகும் தூரம். கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன. ஆனால் கேட்டால், திருப்பிக் கேட்பார்கள். அவர் அங்கே இருந்தபோது நீ எங்கே இருந்தாய் என்று. வெர்னா தலையைக் குனிந்துகொண்டு அறை வரிசையை நோக்கி நடந்தாள்.

நடந்தது இதுதான். அவர்கள் இளமையில் ஆண்டு தவறாமல் வந்துபோன ஊர் இது. இந்த வெளிச்சத்தையும் இந்தப் பாறைகளையும் பார்த்தால் அவருக்குள் எங்கேயாவது ஒரு கதவு திறக்காதா என்ற ஆசையில்தான் நெப்ராஸ்காவிலிருந்து அவரை அழைத்து வந்திருந்தாள். பூங்காவின் நடைபாதையில் பாதி தூரம் போனதும் அவர் அவள் கையை உதறினார். "நீங்க யாரும்மா? என்னை எங்க கூட்டிட்டுப் போறீங்க? யாராவது வாங்களேன், இந்தப் பொம்பள என்னைத் திருடிட்டுப் போறா!" என்று கத்தினார். எதிரே வந்த ஒரு குடும்பம் நின்று பார்த்தது. ஓர் இளம்பெண் தன் குழந்தையை இழுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவருடைய கால்சட்டை நனைந்திருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். வெர்னாவின் முகம் எரிந்தது.

அவரைப் பெரிய பாறையொன்றின் நிழலில் உட்கார வைத்து, மடியில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்தாள். "இங்கயே இருங்க, கார எடுத்துட்டு வந்துடறேன்," என்றாள். சொன்னபோது பொய்யில்லை. காரில் ஏறி, ஏசியின் குளிர் முகத்தில் அடித்தபோதுதான், அந்த நிசப்தத்தில், யாரும் எதுவும் கேட்காத அந்த நிசப்தத்தில், அவள் கை வண்டியைப் பாறைப் பக்கம் திருப்பாமல் ஊர்ப் பக்கம் திருப்பியது. கொஞ்ச நேரம். மூச்சு விட்டுக்கொள்ள, கொஞ்சமே கொஞ்ச நேரம்.

நெடுஞ்சாலைக் கடையில் பேரீச்சம்பழ மில்க்ஷேக் வாங்கிக் குடித்தாள். அவ்வளவு இனிப்பு. அவ்வளவு குளிர்ச்சி. "தனியாவா வந்திருக்கீங்க?" என்று கடைக்காரர் பேச்சுக் கொடுத்தார். "ஆமா, தனியாத்தான்," என்றாள் வெர்னா. சொன்னபோது உள்ளுக்குள் ஏதோ இறகு போல லேசானது. அந்த லேசான உணர்வைத்தான் அவளால் இப்போது தாங்க முடியவில்லை.

திரும்பிப் போனபோது பாறை இருந்தது. நிழல் இடம் மாறியிருந்தது. பாட்டில் திறக்கப்படாமல் நின்றது. அவர் இல்லை. பெயர் சொல்லிக் கூவக்கூட வெட்கப்பட்டுக்கொண்டு, மெதுவான குரலில் கூப்பிட்டபடியே வெயில் சாயும்வரை புதர்களுக்கிடையே தேடினாள். கடைசியில் வேறு வழியின்றிப் பூங்காவின் காவலரான ரேஞ்சரிடம் போனாள். ஷூ கயிறு கட்டக் குனிந்தேன், நிமிர்வதற்குள் எங்கோ போய்விட்டார் என்றாள். அந்த இளம் ரேஞ்சர் பெண் அவள் தோளைத் தட்டி, "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா," என்று ஆறுதல் சொன்னாள். அவசரத்தில் அவள் பேரைக்கூடக் கேட்காமல், மோட்டல் நம்பரை மட்டும் குறித்துக்கொண்டு, மோட்டலில் போய் இருங்கள், நாங்கள் தேடுகிறோம் என்று அனுப்பிவைத்தாள்.

அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். நடுநடுவே கழுவுதொட்டி விளிம்பில் ரேசரைத் தட்டும் சத்தம், டக், டக். கூடவே சீழ்க்கை. கிளேட்டன் அவராகவே சவரம் செய்துகொண்டு எத்தனையோ காலமாகிவிட்டது. வெர்னாதான் தினமும் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு மழித்துவிடுவாள். அவள் உள்ளே நுழைந்தாள். மழைக்கு முன்னால் பாலைவனப் புதர்கள் விடும் தார் நெடி அறை முழுக்க இருந்தது. வெளியே வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

"எங்க போயிட்ட வெர்னா? இவ்வளவு நேரமா?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர் வெளியே வந்தார். வழவழவென்ற கன்னம். நிமிர்ந்த முதுகு. அவளைப் பார்த்த கண்கள் அவளைத் தெரிந்துகொண்டு பார்த்தன. அந்தப் பார்வைக்காகத்தான் அவள் இத்தனை வருடம் ஏங்கியிருந்தாள். இப்போது அதைச் சந்திக்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

"உங்களுக்கு... உங்களுக்கு என்னைத் தெரியுதா?"

"நல்லா கேட்ட போ! கட்டிக்கிட்டவள தெரியாம இருக்குமா?" அவர் சிரித்தார். "நம்ம முதல் வீட்டுக் கூரை ஒழுகினது ஞாபகமிருக்கா? கட்டிலுக்கு மேல குடை புடிச்சுட்டுப் படுத்தோமே. அந்த நொண்டி நாய், டஃபி. நீ கருவுல இழந்த புள்ளைக்கு நாம ரகசியமா வச்ச பேரு..." அந்தப் பேரைச் சொன்னார். முப்பது வருடமாக அவர்கள் இருவருமே வாய்விட்டுச் சொல்லாத பேர்.

வெர்னா விம்மினாள். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது, நாளெல்லாம் வெயிலில் கிடந்த கல்லைப் போல. உலர்ந்திருந்தது. நாடி எங்கே என்று அவள் விரல்கள் தாமாகவே தேடின. கிடைக்கவில்லை.

"மில்க்ஷேக் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார் அவர், கனிவாக.

அவள் கையை விட்டாள்.

"அட, நான் ஒண்ணும் தப்பா நினைக்கலம்மா. நீயும் மனுஷிதானே. அந்தக் கிழவனை வச்சுக்கிட்டு எவ்வளவுதான் தாங்குவ?"

அந்தக் கிழவன். அப்படித்தான் சொன்னார்.

திறந்திருந்த குளியலறைக் கதவு வழியாகக் கழுவுதொட்டி தெரிந்தது. அதில் நுரையில்லை. மயிரில்லை. மாவு போல மெல்லிய சிவப்பு மணல், குழாய்த் தண்ணீர் பட்டும் கரையாமல், மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அவள் அவர் நெஞ்சைப் பார்த்தாள். அது அசையவில்லை. அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் ஏறி இறங்கத் தொடங்கியது.

டெலிபோன் அடித்தது.

"அம்மா, ரேஞ்சர் ஸ்டேஷன்லேர்ந்து பேசறோம்." அந்த இளம்பெண்தான். மூச்சு வாங்கினாள். "ஒரு பெரியவர் கிடைச்சிருக்காரு. பள்ளத்துல விழுந்து கிடந்தாரு. உடம்பெல்லாம் வெந்திருக்கு, ஆனா உயிர் இருக்கு. யாருன்னு கேட்டா சொல்லத் தெரியல. ஒரே ஒரு பேரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றாரு. வெர்னா, வெர்னான்னு. உங்க பேரா அது?"

அவள் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. கீறல் விழுந்த, குழந்தையின் அழுகை போன்ற குரல். அந்தக் குரலுக்குத் தினமும் சோறு ஊட்டியவள் அவள். இரவில் அது கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து ஓடியவள்.

கட்டிலருகே நின்றிருந்தவர் அசையவில்லை. தடுக்கவில்லை. மிரட்டவில்லை. பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அவர் ஒரு வார்த்தை மிரட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பிறகு அவளுக்குத் தோன்றியது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இல்ல," என்றாள் வெர்னா. தன் குரல்தானா என்று இருந்தது. "என் பேரு அது இல்ல. என் வீட்டுக்காரர் வந்துட்டாரு. இங்கதான் இருக்காரு. வேணும்னா மோட்டல்ல கேட்டுப் பாருங்க."

"அப்பாடா! ரொம்ப சந்தோஷம்மா. அப்ப இந்தப் பாவம் புடிச்ச மனுஷன் யாரோ..."

வைத்துவிட்டாள். ரிசீவரின் மேல் அவள் விரல்கள் ஒட்டிக்கொண்டது போல அப்படியே இருந்தன. எடுக்கலாம். இப்போதுகூட எடுக்கலாம். எடுத்து நம்பரைச் சுழற்றி, நான்தான் வெர்னா என்று சொல்லலாம்.

எடுக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மலைகள் ஊதாவாகி, பிறகு கருத்தன. அவர் விளக்கைப் போடவில்லை. "களைச்சுப் போயிருக்க. வந்து படு," என்றார். அவள் போனாள். ஷூவைக் கழற்றினாள். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தாள். முகம் கொதித்தது. பயத்தில் இல்லை, வெட்கத்தில். அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

அவருக்கு இடம் விட்டு நகர்ந்து படுத்தாள்.

போர்வை விலகியது. முதுகுக்குப் பின்னால் தார் நெடி நெருங்கியது. சூடான, உலர்ந்த கை ஒன்று அவள் இடுப்பைச் சுற்றி வந்தது.

மெத்தை அமுங்கவில்லை.

கட்டில் ஓரத்திலிருந்து தரையில் ஏதோ மெல்லச் சரிந்து கொட்டிக்கொண்டிருந்தது. நிற்காமல். சரசரவென்று.