சர்வரைக் கொன்ற சாவி

"அப்பா, கம்ப்யூட்டருக்குக் களைப்பு வருமா?"

மகள் ஒருமுறை கேட்டபோது எல்லோரும் 'பாக்', அதாவது ஐயா, என்று அழைக்கும் சுகிர்மான் விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்று சிரிப்பு வரவில்லை.

இந்தோனேசியாவின் செமாராங் நகரப் பஸ் நிறுவனத்தின் சர்வர்... அசைவில்லாமல் கிடந்தது!

போன் அலறியது. பஸ் டெர்மினல் ஊழியர்.

"பாக், டெர்மினல்ல ஒரு கேட்கூடத் திறக்கல. நோன்பு திறக்க வீட்டுக்குப் போறவங்க மொத்தமா மாட்டிக்கிட்டாங்க. பசியில என்னையே பார்க்கிறாங்க, பாக்."

பாதுகாப்புத் தலைவர் சுகிர்மான் போனை வைத்துவிட்டு, எதிரே இருந்த சைபர் இன்ஸ்பெக்டர் வெனிங்கைப் பார்த்தார். பிறகு, மூலையில் நின்ற ஒப்பந்த ஊழியன் செனோவை.

"இவன்தான், மேடம். நம்ம ரகசியப் பூட்டு மென்பொருள்ல ஓட்டை இருக்கு, சர்வரையே சாய்க்கலாம்னு போன வாரம் மீட்டிங்ல சொன்னான். சொன்னதச் செஞ்சிட்டான்."

"எச்சரிக்கை பண்ணேன், பாக்."

"திருடன் தேதி சொல்லிட்டு வர்ற மாதிரி."

வெனிங் குறுக்கிட்டாள். "தம்பி செனோ, சரியா விளக்கம் சொல்லு. இல்லன்னா இன்னிக்கு நீ நோன்பு திறக்கிறது போலீஸ் ஸ்டேஷன்லதான். எப்படிச் சாய்க்கலாம்?"

செனோ ஓரடி முன்னே வந்தான்.

"உள்ள வர ஒரு டிஜிட்டல் சாவி காட்டணும், மேடம். அதுக்குள்ள ஒரு பெரிய எண். சர்வர் கணக்குப் போட்டுச் சரிபார்க்கும். எவ்வளவு பெரிய எண்ணா இருந்தாலும் முடியாதுன்னு சொல்லத் தெரியாது... அதான் ஓட்டை. ராட்சச எண்ணக் குடுத்தா, கணக்குப் போட்டுப் போட்டே செத்துடும்."

வெனிங் திரையைத் திருப்பினாள். கடைசியாக வந்த சாவியைத் தேடினாள்.

நெற்றி சுருங்கியது.

"பாக்... இன்னிக்குப் புதுச் சாவி ஏதாவது செஞ்சீங்களா?"

"பின்ன? பூட்டுல ஓட்டைன்னு இவன் சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. அதனால சாதாரணச் சாவியவிட நூறு மடங்கு பெரிசா... பெரிசா..."



வெனிங் பேனாவை மூடினாள். "கொலையாளி கிடைச்சாச்சு. வாக்குமூலமும் குடுத்தாச்சு."

செனோ அதற்குள் கீபோர்டில் இருந்தான். ராட்சசச் சாவியை நீக்கினான். எண்ணுக்கு ஓர் எல்லை வைத்தான்.

சர்வர் மூச்சு விட்டது!

கேட்டுகள் திறந்தன. மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு கேட்டது.

சுகிர்மான் தலைகுனிந்து, வரப்போகும் குத்தலுக்காகக் காத்திருந்தார். வந்தது செனோ நீட்டிய ஒரு பேரீச்சம்பழம்.

"நோன்பத் திறங்க, பாக். இதுவும் பெரிசுதான். ஆனா ஆபத்தில்ல."

எல்லோரும் தொழப் போனார்கள். சுகிர்மான் மட்டும் பின்தங்கினார். திரையில் ஒரு செய்தி. போன வாரம் செனோ, சுகிர்மான் பெயரிலிருந்த அலுவலக மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்பிய தகவலுக்கு, பூட்டு மென்பொருளைச் செய்தவர்களின் பதில்.

'ஓட்டையைக் கண்டுபிடித்த திரு. சுகிர்மானுக்கு நன்றி. இந்தப் பெயரையே உலகத்துக்கு அறிவிக்கலாமா?'

திரும்பிப் பார்த்தார். யாருமில்லை.

பதிலில் தன் பெயரை அழித்தார். 'செனோ' என்று எழுதி அனுப்பினார்.

குற்றவாளி யாரென்று அவர்கள் கேட்டிருக்கவில்லை. அதற்கும் சேர்த்து இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, தொழுகைக்கு ஓடினார்.