குளியலறைச் சுவரில் கிடைத்த துப்பாக்கி

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நேடினின் கையில் துப்பாக்கி வெடித்தது. எதிரே, தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்த அவள் கணவர் ஹார்லன், விரல்களில் சோப்பு நுரையோடு சுருண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஷெரீப் அலுவலகம் விபத்து என்று எழுதிக்கொண்டது. ஓஹாயோவின் அந்தச் சின்ன ஊரும் அப்படியே சொல்லி அவளைத் தேற்றியது. தேற்றினால் ஆயிற்றா? புருஷனைக் கொன்ற கை தன் கைதானே என்று நேடின் ராப்பகலாக நடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த வலது கையை ஏப்ரன் பையிலிருந்து அவள் வெளியே எடுப்பதே இல்லை. சாப்பிட்டதுகூட இடது கையால்தான்.

வியாழன், பிற்பகல் இரண்டு மணி. இறுதிச் சடங்குக்குச் சர்ச் பெண்கள் உணவு கொண்டுவந்த பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தன. திருப்பித் தரத்தான் அவளுக்குத் தெம்பில்லை. மேசையருகே ஹார்லனின் நண்பர் டுவைட் நின்றிருந்தார். விசாரணை முடிந்து திருப்பித் தர வந்த துணை ஷெரீப் மெர்ல் இரண்டு பிளாஸ்டிக் பைகளை மேசைமேல் வைத்தார். ஒன்றில் அந்தத் துப்பாக்கி, இன்னொன்றில் சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் பித்தளைக் கூடு. துப்பாக்கியின் மூக்கு தன்னைப் பார்த்திருக்கக் கண்டதும் நேடின் சுவரோரம் ஒதுங்கினாள்.

மெர்லோடு வந்திருந்த லோர்னா என்ற முதிய பெண்மணி சட்டென்று அதை மாவு டப்பாப் பக்கம் திருப்பிவைத்தார். பழைய ஆயுதங்களை அடையாளம் கண்டு விலை சொல்வது அவர் தொழில்.

"நேடின்மா, நீங்க உள்ள போங்க. இந்தச் சனியன நான் தூக்கிட்டுப் போயிடறேன். இனி உங்க கண்ணுலயே படாது" என்றார் டுவைட்.

"எடுத்துட்டுப் போங்க. காசே வேணாம்" என்றாள் நேடின்.

"கொஞ்சம் பொறுங்க. கை மாறுறதுக்கு முன்னாடி நான் பார்க்கணும். டுவைட், இது என்ன பெறும்?" என்றார் லோர்னா.

"ஜப்பான்காரன் போர்க் கடைசியில அவசர அடியா அடிச்ச தகரம். முந்நூறு டாலர். அதுவும் ஏமாளி கெடைச்சா."

"அவசரத்துல செஞ்சதுல அரம் போட்ட கீறல் அப்படியே இருக்குமே. இது வழவழன்னு இருக்கு."



துப்பாக்கி நேடினின் அப்பாவுடையது. பசிபிக் போரிலிருந்து கொண்டுவந்து, யாருக்கும் சொல்லாமல் இந்த வீட்டுக் குளியலறைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஹார்லன் டைல்ஸ் மாற்றச் சுவரை இடித்தபோது அது கையில் வந்து விழுந்தது. விலை கேட்க டுவைட்டைவிட்டால் யார்? குளிர்காலம் முழுக்கத் தன் ஷெட்டில் பித்தளையை அறுத்து, கடையில் கிடைக்காத பழைய தோட்டாக்களையெல்லாம் செய்கிற ஆள். 'பொண்டாட்டி பேச்சுல இருந்து தப்பிக்க அவன் கண்டுபிடிச்ச வழி' என்று ஹார்லன் கேலி செய்வார்.

"அன்னைக்கு நடந்ததைச் சொல்லுங்க, நேடின்" என்றார் லோர்னா.

"ரெண்டு நாள் வச்சிருந்துட்டு டுவைட் வாசல்ல கொண்டாந்து குடுத்தாரு. ஹார்லன் இங்க கொண்டான்னாரு. கொண்டுபோனேன்."

"எப்படிப் புடிச்சிருந்தீங்க?"

"விசைப் பக்கம் விரலே வைக்கல! அதத் தொடாதீங்க, நடுவுல ரெண்டு பக்கமும் இறுக்கிப் புடிங்கன்னு டுவைட்தான் சொல்லிக் குடுத்தாரு."

"நல்ல யோசனைதான?" என்றார் மெர்ல்.

"மத்த துப்பாக்கிக்கு." லோர்னா இடப்பக்கத்தில் வெளியே தெரிந்த மெல்லிய இரும்புப் பட்டையைக் காட்டினார். "குண்டு ஏறி, பாதுகாப்புப் பூட்டு திறந்திருக்கறப்ப இத அமுக்கினாப் போதும். விசையே வேணாம்."

"அதனாலதான் விபத்துன்னு எழுதினோம்."

"உள்ள குண்டு இருக்கும்னு யாரு கண்டா?" என்றார் டுவைட். "அவ அப்பா போர்லயே போட்ட குண்டு. பழைய சாமான், ஒடஞ்சிடும்னு நான் திறந்துகூடப் பாக்கல."

லோர்னா யோசனையோடு கவிழ்த்த பாத்திரங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டு ஒட்டுநாடா இருந்தது.

"இது என்ன, நேடின்?"

"பேரு. சர்ச்சுல எல்லார் பாத்திரமும் ஒரே மாதிரிதான. கவுத்துப் பாத்தாத்தான் யாருதுன்னு தெரியும்."

லோர்னாவின் கை நின்றது. பிறகு மெதுவாகப் பித்தளைக் கூட்டுப் பையை எடுத்துக் கவிழ்த்தார். அதன் அடியில் வட்டமாக எழுத்துகள் மின்னின.

"மெர்ல், இதப் பாத்தீங்களா?"

"எல்லாத் தோட்டாவுலயும் இருக்கறதுதான?"

"இந்தத் துப்பாக்கிக்கு ஜப்பான்காரன் செஞ்ச தோட்டாவுல அடி மொட்டையா இருக்கும். இது இந்தக் காலத்து அமெரிக்கக் கூடு. வேற அளவுத் தோட்டாவ அறுத்துச் செஞ்சிருக்காங்க. சுவத்துக்குள்ள இருந்த துப்பாக்கிக்குள்ள இது எப்படிப் போச்சு?"

இத்தனை நாளும் பக்கத்தில் நின்று ஆறுதல் சொன்ன மனிதரை அவள் திரும்பிப் பார்த்தாள்.

லோர்னா துப்பாக்கிப் பையைத் தொட்டுக் காட்டினார். "இந்தத் துப்பாக்கியோட எண் ஒத்தை இலக்கம். பிடிக்குள்ள செருகுற குண்டுப் பெட்டியிலயும் அதே எண். முதல்ல செஞ்ச சிலதுல ஒண்ணு இது. ஏலத்துல விட்டா இந்த ஊர்ல ஒரு வீடு வாங்கலாம். டுவைட், உங்களுக்கு இது தெரியாதா?"

"வெள்ளிக்கிழமை போன்ல வித்துடுன்னு கேட்டாரு," என்றாள் நேடின். "மாமனார் பொருள், முடியாதுன்னுட்டாரு ஹார்லன்."

டுவைட்டின் கை மேசைமேல் இருந்த துப்பாக்கியை நோக்கிப் பாய்ந்தது. நேடின் அலறிவிட்டாள். மெர்ல் அந்தக் கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். இனி அவனுக்கு என்ன மரியாதை?

"கொல்லணும்னு நெனக்கல!" என்று கத்தினான். "சுவத்துலயோ தரையிலயோ படும்னு நெனச்சேன். ஒரு வெடி வெடிச்சா நேடின் பயந்துபோயி, வீட்ட விட்டு அத எடுத்துட்டுப் போன்னு தானே குடுத்துடுவா..."

"அப்படியேதான குடுத்தேன்," என்றாள் நேடின். "என் கையால உன் நண்பனச் சுட வச்சிட்டு, என் சாப்பாட்டு மேசையில உக்காந்து என்னையத் தேத்துனியேடா, பாவி!"

லோர்னா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "உங்க கை செய்யல, நேடின். உங்க கையில வச்சுச் செஞ்சது அவன்."

மெர்ல் அவனை வாசலுக்கு நடத்தினார். நேடின் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மூன்றாவதன் அடியில் டுவைட்டின் மனைவி பெயர் இருந்தது.

"மெர்ல், நில்லுங்க."

ஏப்ரன் பையிலிருந்து வலது கை வெளியே வந்தது. அந்தக் கையாலேயே பாத்திரத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இது அவங்க வீட்டுது. போற வழியில குடுத்துடுங்க."