கல்லில் இருந்த ‘தாங்’

லான்யிங்கின் அப்பா ஆட்டுக்கறி சூப் கடை வைத்திருந்தார். போன வாரம் கடைக்கு முன்னால் சாலையைத் தோண்டியபோது பழைய கல் ஒன்று கிடைத்தது. ‘வழிப்போக்கர்க்குத் தாங், விலை இல்லை’ என்று அதில் செதுக்கியிருந்தது.

சீன மொழியில் தாங் என்றால் சூப். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தம் முன்னோர் காலத்திலேயே இங்கே சூப் கடை இருந்தது என்று ஊரெல்லாம் சொல்லி, கல்லை வாசலில் நட்டு வைத்தார்.

மறுநாளே வந்தது வினை. எதிர்வீட்டு பாவ் மாமா பெரிய கிண்ணத்தோடு வந்து நின்றார்.

“விலை இல்லைன்னு கல்லுலயே போட்டிருக்கே. உன் முன்னோர் கொடுத்த வாக்கை நீ மீறலாமா?”

பெருமையடித்த வாயால் எப்படி மறுப்பது? அப்பா ஊற்றினார். அடுத்த நாள் பாவ் மாமா மச்சானையும் கூட்டி வந்தார். நான்காம் நாள் வரிசை தெருமுனை வரை போயிற்று. மதியத்துக்குள் அண்டா காலி.

இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று அப்பா புலம்பினார். கல்லைப் பிடுங்கிவிடலாமே என்றாள் லான்யிங். ஊர் சிரிக்கும் என்றார். வெங்காயத்தாள் நறுக்கி நறுக்கி அவளுக்கு விரல் வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலை வகுப்பில் பழங்கால உரைநடைப் பாடம். ‘வீரன் தாங்கில் முகம் கழுவினான்’ என்று இருந்தது.

ஏற்கெனவே எரிச்சலில் இருந்த லான்யிங்குக்கு இன்னும் கோபம் வந்தது. சூப்பில் போய் யாராவது முகம் கழுவுவார்களா? பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: ‘தாங் – பழைய வழக்கில் வெந்நீர்.’

அதை இரண்டு முறை படித்தாள். மதிய மணி அடித்ததும் புத்தகத்தோடு கடைக்கு ஓடினாள்.

வரிசையில் முதல் ஆள் பாவ் மாமாதான். அவரிடம் குறிப்பைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மெதுவாகப் படித்தார். அப்பாவின் கரண்டி பாதியில் நின்றது.

“அப்போ கல்லுல இருக்கறது...”

“வெந்நீர், மாமா. குளிர்ல நடந்து வர்றவங்களுக்குக் கொடுத்திருக்காங்க. அந்த வாக்கை நாங்க மீற மாட்டோம்.”

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. பாவ் மாமாவின் காது சிவந்தது. லான்யிங் அவரை அடுப்புப் பக்கம் நாற்காலியில் உட்காரவைத்து, கிண்ணம் நிறைய வெந்நீர் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

பாவ் மாமா ஒரு வாய் குடித்தார். யோசித்தார்.

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றார். பிறகு பையில் கைவிட்டுக் காசை எடுத்தார். “சரி, உங்க அப்பா வைக்கிற தாங்கையே ஊத்தச் சொல்லு. கறி கொஞ்சம் கூடவே போடணும்.”