முதல் போல்ட்

காலை ஏழரை மணிக்கு ஜெசிந்தா மரச்சுத்தியலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். மேலே, படகுகளைச் சோதித்துச் சான்றளிக்கும் தேர்வர்களின் குடியிருப்பு, காய்ந்த தரை, காய்ந்த சுவர். கீழே தேரித்துறை. ஒரு காலத்தில் இந்தச் செம்மண் தேரிக்கும் கடலுக்கும் நடுவே ஊரும் பனங்காடும் இருந்ததாம். இப்போது தேரியின் காலடியில் அலை அடிக்கிறது. செம்மண் பறந்து பறந்து துறையில் நிற்கும் படகுகளின் பாயெல்லாம் காவியேறிப் போயிருந்தது.

நாற்பத்தாறு படகுகள். மூன்று வருடமாக ஒன்றுகூடப் புறப்பட்டதில்லை.

படிகளின் அடியில் இருந்த அலுவலக வாசலில் துரைக்கண் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரும் தகுதித் தேர்வர்தான், அவளுக்கு மூத்தவர்.

“இன்னிக்கு யாரு?”

“சொரிமுத்து. உப்பகற்றி ஆலையில வெல்டரா இருந்தவர்.”

“படகு நல்லாருக்குன்னு கேள்விப்பட்டேனே.”

“நல்லா இருந்தா கையெழுத்துப் போட்டுட வேண்டியதுதான்.”

“போடுங்க, போடுங்க. பெட்டி கட்டியாச்சா?” என்று சிரித்தார். ஜெசிந்தா சிரிக்காமல் துறைப் பக்கம் நடந்தாள்.

சொரிமுத்துவின் படகு கரையில் மரத்தாங்கிகளின் மேல் ஏற்றப்பட்டிருந்தது. அவனும் மனைவி பேராச்சியும் கோயிலுக்குக் கிளம்பியவர்களைப் போலத் தலைசீவி, வெள்ளைத் துணி உடுத்தி நின்றார்கள். இரண்டு பெண் பிள்ளைகள், ஒன்பது வயதும் ஆறு வயதும், அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தன.

“வாங்க மேடம். எங்கன வேணும்னாலும் தட்டிப் பாருங்க” என்றான் சொரிமுத்து.

ஜெசிந்தா தட்டினாள். படகின் உடலில் சாண் சாணாகச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுப்பதுதான் அவள் தொழில். உள்ளே இற்றுப் போயிருந்தால் ஓசை ‘பொத்’தென்று விழும். நல்ல உடம்பு ‘டண்’ணென்று பதில் சொல்லும். ஒலியலை செலுத்தி உள்ளே பார்க்கும் ஊடொலிக் கருவி பழுதாகி ஏழு வருடமாகிறது. மாற்று கிடையாது. இந்தப் படகு முனையிலிருந்து வால் வரை ஒரே குரலில் பதில் சொன்னது.

உள்ளே ஏறினாள். கரையில் வாழ்ந்தவர்கள் படகு கட்டினால் வீடு கட்டுவார்கள். அகலமான கூடம், நடுவே மேசை, பெரிய சன்னல். கடலில் படகு சாயும்போது அந்த அகலக் கூடத்தில் மனிதன் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பறந்து போய் எலும்பை உடைத்துக்கொள்வான். சொரிமுத்து அந்தத் தப்பைச் செய்யவில்லை. கூடம் குறுகல், எங்கே நின்றாலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கைப்பிடி. சன்னல்கள் உள்ளங்கை அளவு. படுக்கைகள் சவப்பெட்டி அகலம்தான். உருண்டு விழாமலிருக்கப் பக்கத்தில் துணித் தடுப்பு. சுக்கான் பிடிப்பவர் உட்காரும் குழி சின்னது. ஓர் அலை வந்து நிரப்பினாலும் வடிந்துவிடும்படி அடியில் நான்கு துளைகள். பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகள் தேவைக்கு ஒரு சுற்று தடிமன் கூடுதல். காற்றின் திசையைப் பார்த்துத் தானே திரும்பும் காற்றுச்சுக்கான். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று எழுபது நாளுக்குத் தண்ணீர், ஒரே தொட்டியில் இல்லாமல் நான்கில்.

“நாலு பேருக்குத்தானே?”

“அஞ்சு பேருக்கு மேடம்” என்றாள் பேராச்சி. “உங்களுக்கும் சேத்துத்தான் வச்சிருக்கோம். உங்க படுக்கை அன்னா அது. பிள்ளைக ஆறு மாசமா படகுலதான் உறங்குது, பழகணும்லா.”

ஐந்தாவது படுக்கையில் புதுத் துணி விரித்திருந்தது. ஜெசிந்தா அதைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

விதி அதுதான். எரிபொருள் தீர்ந்து கப்பல்கள் நின்ற பிறகு, குளிர்ந்த தென்கரைக்குப் போக வாடைக் காற்றும் பாய்மரமும்தான் வழி என்றானது. அந்நாளில் தேர்வர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையெழுத்துப் போட்டார்கள். ஓட்டையும் உடைசலுமாகப் போன படகுகள் ஒரே பருவத்தில் பத்தொன்பது மூழ்கின. ஜனங்கள் அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். அதற்குப் பின் வந்தது உடன்செல் விதி: எந்தப் படகு நெடுங்கடலுக்குத் தகும் என்று ஒருவர் கையெழுத்திடுகிறாரோ, அவர் அந்தப் படகிலேயே போக வேண்டும். தேர்வர்களின் நேர்மைக்கு இதைவிட நல்ல பூட்டு கிடையாது என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

பூட்டு நன்றாகத்தான் வேலை செய்தது. யாரும் கையெழுத்தே போடுவதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஜெசிந்தாவின் அண்ணன் பெஸ்கி போட்டான். அவனும் தேர்வர், நல்ல படகு என்று மனசாரச் சொல்லிவிட்டு ஏறிப் போனான். அலுவலகச் சுவர்த்திரையில் அவன் படகு ஒரு பச்சைப் பொட்டாக இருபத்துமூன்று நாள் தெற்கே நகர்ந்தது. இருபத்துநான்காம் நாள் பொட்டு இல்லை. அவ்வளவுதான். நல்ல படகும் போய்விடும் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. அதிலிருந்து அவளுக்குப் பயம். கடமை, கவனம், எச்சரிக்கை என்று அதற்கு எத்தனையோ பெயர் வைத்துப் பார்த்தாள். பயம் பயம்தான்.

கீழே இறங்கிப் படகின் அடிக்கு வந்தாள். கத்தி மாதிரி இறங்கி நின்றது ஈய அடிப்பாரம். படகு கவிழ்ந்தாலும் திருப்பி நிமிர்த்துவது அதுதான். அதை உடலோடு பிடித்திருப்பவை பன்னிரண்டு எஃகு போல்ட்கள். பாதி ஈயத்துக்குள், பாதி மரத்துக்குள். அவற்றின் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து எந்தக் காதாலும் கேட்க முடியாது.

அது அவளுக்குப் பழகிய இடம். பதினான்கு படகுகளை அவள் அங்கேதான் நிறுத்தியிருக்கிறாள். உள்ளே ஏறி முதல் போல்ட்டின் தலையைச் சுத்தியலால் தட்டினாள். ‘டண்’ என்றது. இன்னொரு முறை தட்டினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டாள். நாடகம்தான், என்ன செய்ய!

“உள்ள அரிச்சிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. சந்தேகம் இருந்தா நான் போட முடியாது.”

சொரிமுத்துவின் முகம் வாடியது. மற்றவர்களாக இருந்தால் இந்நேரம் அவளைக் கண்டபடி ஏசியிருப்பார்கள். இவன் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தான்.

“தென்கரைக்காரங்க பங்குனியோட வாசலை அடைக்காங்க மேடம். வாடைக்காத்து இன்னும் பதினோரு நாளுதான். எங்க முகாம் தேரியோட அடிவரிசை வேற, அடுத்த தடவை கடல் பொங்குனா தாங்காது.”

“தெரியும். ஆனா நாலு உசிரு இல்லையா?”

“அஞ்சு உசிரு” என்று திருத்தினான். “நீங்க சொல்லுததும் சரிதான். இவ்வளவு உன்னிப்பா யாரு பாப்பா? ரொம்ப நன்றி மேடம்.”

அந்த நன்றி அவளோடு முந்நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறி வந்தது. மறுநாள் காலை அலுவலகத்தில் ‘அடிப்பாரம், ஐயப்பாடு’ என்று படிவத்தில் எழுதி அடுக்கில் வைத்தாள்.

மூன்றாம் நாள் முற்பகலில் சொரிமுத்து அலுவலகத்துக்கே வந்துவிட்டான். பின்னாலேயே பேராச்சி. அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. துணிச்சுருளை மேசையில் வைத்துப் பிரித்தான். முழங்கை நீளத்துக்கு ஒரு போல்ட், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கழுவித் துடைத்தது.

“பாருங்க மேடம்! ஒரு பொட்டு துரு இருக்கா? கண்ணாடி மாதிரி இருக்கு. ஈயத்தோட இறுகிப்போயி வரமாட்டேன்னுச்சு. ரெண்டு நாளா உக்காந்து ஈயத்தைக் குடைஞ்சு அறுத்து எடுத்தேன். உங்க சந்தேகம் தீரணும்லா? எட்டு நாளு காத்து இருக்கு. கையெழுத்தைப் போட்டுருங்க, கிளம்பிருவோம்.”

“எந்த போல்ட்?” என்றாள்.

“நீங்க தட்டுனதுதான். முதல் போல்ட்டு.”

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. சீ, என்ன ஜென்மம் இது என்று அடுத்த நொடியே தன் மேல் அருவருப்பு வந்தது. ஆனாலும் முதலில் வந்தது நிம்மதிதான்.

“சொரிமுத்து, எதிரலை மோதுறப்ப இழுப்பெல்லாம் முதல் போல்ட்லதான் ஏறும். அது இல்லாம போக முடியாது.”

“பன்னெண்டு போட்டிருக்கேனே மேடம். பதினொண்ணு தாங்காதா?”

“குளத்துல தாங்கும்.”

அவன் வெல்டர். விளக்கத் தேவையில்லாமல் போயிற்று. வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டான். அடிப்பாரத்தைக் கழற்றணும், ஈயத்தை உருக்கணும், புது எஃகு எங்கேயாவது கிடைக்கணும், ஊத்தி ஆறவிடணும். உதடு அசைவது மெல்ல நின்றது.

“ரெண்டு மாசம்” என்றான். “நல்ல போல்ட்டு மேடம். நல்லாத்தான் இருந்துச்சு” என்று அந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்தான்.

 பேராச்சி மேசைக்கு அருகில் வந்து ஜெசிந்தாவின் முகத்தையே பார்த்தாள்.

“மேடம், ஒண்ணு கேக்கேன். அன்னிக்கு நெசமாவே உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சா?”

சுவர்த்திரை வெறுமையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து மேசையில் துரைக்கண் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு வெளியே எழுந்து போனார்.

 ஜெசிந்தா படிவத்தை இழுத்துப் பேனாவை எடுத்தாள். ‘அடிப்பாரத்தில் முதல் போல்ட் இல்லை. நெடுங்கடலுக்குத் தகாது’ என்று எழுதினாள். மூன்று வருடத்தில் அவள் எழுதிய முதல் உண்மையான குறை அது.